காவல் போடாத பிட்டுகள்

வானொலியில் வரும் பிழையைத் திருத்தும் குறியீட்டில் எதைக் காப்பது என்று ஒரு கணவனும் மனைவியும் குளிர்காலம் முழுக்கச் சண்டை பிடித்தார்கள் என்றால் யார் நம்புவார்கள்? புலம்பெயர்ந்து வந்த மோர்டனில் செபமாலைமுத்துவும் பியற்றிஸும் பிடித்தார்கள். இரண்டு பேரும் வானொலிக் கருவியில் ஆளோடு ஆள் பேச அமெச்சூர் லைசென்ஸ் எடுத்தவர்கள். கையில் போன் இருக்க இதென்ன விசர் வேலை என்று மகள் ஷெறோன் தலையில் அடித்துக்கொள்வாள்.

விஷயம் இதுதான். செபமாலைமுத்து எழுதிய புரோகிராம் பேசுகிற குரலை நொடிக்கு இருபத்தைந்து துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் பூச்சியமும் ஒன்றுமான பிட்டுகளாக வானொலியில் அனுப்பும். வழியில் இரைச்சல் பட்டுச் சில பிட்டுகள் பழுதாகும். பழுதைத் திருத்தவேண்டுமென்றால் மேலதிகப் பிட்டுகளையும் கூட அனுப்பவேண்டும். எல்லாவற்றுக்கும் அனுப்ப இடம் போதாது. பாதிக்குத்தான் இந்தக் காவலைப் போடலாம். குரலின் ஏற்ற இறக்கத்துக்குப் போடுவதா, சொற்களை உண்டாக்கும் பகுதிக்குப் போடுவதா? அவர் ஏற்ற இறக்கம் என்றார், அவள் சொற்கள் என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சோதனை நடக்கும். பியற்றிஸ் மைக்கைப் பிடித்தால் வாயில் தானாக வருவது செபமாலைதான். ஒவ்வொரு செபத்திலும் முன்பாதியை அவள் சொல்லிப் பேசும் பட்டனை விடுவாள். பின்பாதியைச் சொல்லவேண்டிய மனிதன் "நல்லாக் கேக்குது, தொடரும்" என்பார், மாதா பொறுக்கட்டும். சொற்களைக் காத்தபோது அவள் குரல் தவளை கத்துவதுபோல் இருந்தது. ஏற்ற இறக்கத்தைக் காத்தபோது எவ்வளவு இரைச்சலிலும் அது பியற்றிஸின் குரலாகவே வந்தது, ஒரு சொல்லும் தவறாமல் விளங்கியது. பிறந்த நாள் தொட்டுக் கேட்ட செபம் விளங்காமல் போகுமா? முப்பது வருடம் தொலைத்தொடர்பில் வேலை பார்த்த மனிதனுக்கு அந்தச் சின்னப் புத்தி வரவில்லை.

"பேப்பரில இருக்கிற ஏதாவது புதுசா வாசிக்கட்டே?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"ஏன் மினக்கெடுவான்? நல்லாத்தானே கேக்குது. நீர் செபத்தையே சொல்லும்."

அப்படித்தான் முடிவானது. ஏற்ற இறக்கத்துக்குக் காவல், சொற்களுக்கு இல்லை.

மார்ச்சில் ஒரு ஞாயிறு மத்தியானம் பியற்றிஸ் ரிச்மண்ட் பார்க்குக்குப் போய், போனைக் காரில் விட்டுவிட்டு, கையடக்க வானொலியோடு ஒரு மர வாங்கில் உட்கார்ந்தாள். செபம் பத்துத் தரம் வரவேண்டும். வீட்டில் அவர் ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் சரி போட்டார். நாலு சரி. ஐந்தாவது கொஞ்சம் பிந்தி வந்தது. "நல்லாக் கேக்குது பியற்றிஸ், தொடரும்." சரி. ஆறாவதுக்கும் சரி, ஏழாவதுக்கும் சரி. எட்டாவது வரவில்லை. பற்றரி இறங்கிவிட்டது என்று நினைத்துத் தேத்தண்ணி வைக்கப் போனார்.

நாயோடு நடக்க வந்த யாரோ சாய்ந்து கிடந்த அவளைக் கண்டு அம்புலன்ஸைக் கூப்பிட்டபோது முக்கால் மணித்தியாலம் போயிருந்தது. மாரடைப்பு. கொஞ்சம் முந்தியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டொக்டர்.

செத்தவீடு முடிந்த மறுநாள் அவர், புரோகிராம் தானாகச் சேமித்திருந்த அன்றைய பதிவை எடுத்து கம்பியூட்டரில் விரித்தார். காவல் போட்ட பிட்டுகளில் ஒரு பழுதும் இல்லை. முதல் நாலும் செபம். குரல் வழக்கம்போல் தணிந்து முடிந்தது. மற்ற மூன்றும் செபமே இல்லை. மூன்றிலும் கடைசியில் குரல் மேலே போனது. அவள் ஏதோ கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு பட்டனை விட்டுக் காத்திருக்கிறாள். மூன்று தரமும் அவர் நல்லாகக் கேட்கிறது என்றிருக்கிறார்.

என்ன கேட்டாள்? அது காவல் போடாத பிட்டுகளில் இருந்தது. மூன்று கிழமை அவற்றைத் தோண்டினார். மேலதிகப் பிட்டு ஒன்றும் அனுப்பாத இடத்தில் எதை வைத்துத் திருத்துவது? முடியாது என்று அவருக்கு முதல் நாளே தெரியும். இந்த உலகத்தில் அதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் எவருமில்லை.

அவர் தோண்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் ஷெறோன் பின்னால் வந்து நின்று பதிவு முழுவதையும் கேட்டாள். அவளுக்கும் பிறந்த நாள் தொட்டுக் கேட்ட செபம்தானே.

"அம்மா பிரே பண்ணிக்கொண்டே போயிருக்கிறா, அப்பா. அப்ப அவா பயப்பட்டிருக்கமாட்டா, என்ன?"

பிள்ளையின் முகத்தில் அத்தனை நாளுக்குப் பிறகு கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. "ஓம் பிள்ளை," என்றார்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு, பங்கு மண்டபத்தில் ஷெறோன் அந்தப் பதிவை ஸ்பீக்கரில் போட்டாள். அதில் அவருடைய பதில்கள் இல்லை. அந்த இடங்களில் வெறும் அமைதி. பியற்றிஸ் முன்பாதியைச் சொல்ல, கூடியிருந்த நூறு பேரும் பின்பாதியைச் சொன்னார்கள். பலர் அழுதார்கள். நாலு தரம் அப்படிப் போனது. ஐந்தாம் தரம் அவள் கேட்டாள். நூறு பேரும் செபத்தின் பின்பாதியைச் சொன்னார்கள். ஆறாம் தரமும் கேட்டாள். அதற்கும் அதையே சொன்னார்கள்.

ஏழாம் தரம் அவள் கேட்டபோது, முன்வரிசையில் இருந்த செபமாலைமுத்து, "என்ன செய்யுது உமக்கு, பியற்றிஸ்?" என்றார். செபச் சத்தத்தில் அது பக்கத்துக் கதிரையில் இருந்த ஷெறோனுக்கும் கேட்கவில்லை.