கண்ணாடியில் நின்றுபோன சுகன்யா

சுகன்யா நகர்ந்து போன பிறகும் அவளுடைய பிம்பம் பீரோக் கண்ணாடியிலேயே நின்றது. மறுநாள் பால்காரர் வரும்வரை நின்றது. கொரோனா ஓய்ந்து விசேஷங்கள் மறுபடி தொடங்கிய வருடம், சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் சென்றாயன் வீட்டில், அவர் மகள் வயதுக்கு வந்த சடங்குச் சீரில் இது நடந்தது. அந்தப் பக்கம் காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். திரும்பும்போது ஊர் எல்லையில் கழற்றிச் சோற்றுப்பைக்குள் திணித்துவிடுவார்கள். குச்சிக்கிழங்கு பிடுங்கிவிட்டு, தலையைக் காட்டிப் போகலாமென்று நேரே வந்த சுகன்யா கழற்ற மறந்துவிட்டாள். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று கண்ணாடியைப் பார்த்தவளுக்கு, முப்பத்தாறு வயதில் முதல்முறையாகத் தன்னைப் பிடித்துப்போனது. கண்ணாடிக்கும் பிடித்திருக்க வேண்டும்.

அதன்பிறகு இரண்டு வருடம் வீட்டுக் கண்ணாடியோடு மல்லுக்கட்டினாள். வெள்ளைச் சட்டை போட்டால் பிம்பம் அவளோடு சேர்ந்தே விலகியது. கட்டம் போட்டதற்கு ஒரு மணிநேரம் நின்றது. கையை மூன்று மடிப்பு மடித்து, மேல் பொத்தானை விட்டுவிட்டு, முந்தானையைக் காலருக்கு அடியில் கொடுத்து முன்னால் எடுத்து விட்டபோது பொழுது சாயும்வரை நின்றது. இதுதான் நான் என்று முடிவு செய்தாள். கல்யாணம், கருமாதி, ரேஷன் கடை எல்லாவற்றுக்கும் அப்படியே போனாள். புருஷன் நந்தகுமார் போர்வெல் ரிக்கோடு மாதக்கணக்கில் வடக்கே கிடந்ததால் சட்டைக்குப் பஞ்சமில்லை. ஊர் கேலி பண்ணி அலுத்து, சட்டை சுகன்யா என்று பேர் வைத்தது. அந்தப் பேரும் அவளுக்குப் பிடித்திருந்தது.

உஷாராணி அவளோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு துணிக்கடைக்கு வாழ்க்கைப்பட்டவள். விஷயத்தைக் கேள்விப்பட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டாள். “ஒருக்கா எங்க கடைக் கண்ணாடி முன்னால நின்னுட்டு வா புள்ள. உன்னையக் கேக்காம ஒண்ணும் பண்ணமாட்டேன்” என்று தன் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தாள். சுகன்யா நம்பினாள். இருப்பதில் நல்ல சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய் ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்றாள். உஷாராணி டீ வாங்கிக் கொடுத்தாள்.

அந்தப் பிம்பம் திரும்பி வரவில்லை. வீட்டுக் கண்ணாடியில் சுவரும் காலண்டரும் மட்டும் தெரிந்தன. கடையில் தையல்காரர் கண்ணாடிமேல் டேப்பை வைத்தே அளவெடுத்தார். பிம்பம் கையைத் தூக்கிக் காட்டியதாகச் சொல்கிறார்கள். தீபாவளிக்குள் சேலையும் சட்டையும் சேர்ந்த உஷா செட் நாமக்கல், ராசிபுரம் பஸ்களிலெல்லாம் ஏறி இறங்கியது. நியாயம் கேட்கப் போன சுகன்யாவிடம், உஷா செட் உங்களுக்கும் பொருத்தமாக இருக்கிறது என்று கடைப்பெண் ஒருத்தி சொன்னாள். உஷாராணி கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

“வாங்க, உக்காருங்க. இவங்க நம்ம பழைய கஸ்டமர்” என்றாள்.

இத்தனை வருடம் புள்ள என்று கூப்பிட்ட வாய் அது. சுகன்யா கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்குள் நின்றவளும் அவளை யாரோ என்றுதான் பார்த்தாள்.

பொங்கலுக்கு நந்தகுமார் வந்தான். போனில் அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை. வழியில் செவ்வாய்ப்பேட்டையில் இறங்கி ஒரு பொட்டலம் வாங்கி வந்திருந்தான். “நீ போடுவியே, அதே மாதிரி. கடைக்காரம்மா கண்டுபிடிச்ச மாடலாமா. என்ர பழைய சட்டையெல்லாம் தூக்கிப் போட்ரு சாமி” என்றான். அவனிடம் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கையின் மூன்று மடிப்பையும் பிரிக்க முடியாதபடி தைத்திருந்தார்கள். அவன் ஆசைக்காகப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். சட்டை மட்டும் தெரிந்தது. பொத்தான்களைச் சரியாகப் போட அது போதுமாக இருந்தது.

பொங்கல் முடிந்ததும் அதையே போட்டுக்கொண்டு கிழங்குக் காட்டுக்குப் போனாள். சாயங்காலம் ஊர் எல்லை வந்ததும், மற்றப் பெண்களோடு நின்று கழற்றி, சோற்றுப்பைக்குள் திணித்தாள்.