வலப்பக்கத்துச் சன்னல்

...வலப்பக்கம்தான், சந்தேகமே வேண்டாம், போன வாரம் வேலியோரம் நின்று கண்ணால் பார்த்துவிட்டுத்தானே போனோம், விமானம் வந்து நின்றால் மூக்கு மேற்கே பார்க்கும், வலப்பக்கம் இந்த ஓட்டலைப் பார்க்கும், வலப்பக்கத்துச் சன்னலில்தான் பாப்பா உட்கார்ந்திருப்பாள்... குமாரசாமி நாலாவது மாடி அறையின் கண்ணாடியோடு ஒட்டி நின்றுகொண்டு இதையே மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டார். மணி இரண்டே கால். விமானம் மூன்று முப்பத்தைந்துக்கு. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடக்கிறது, அதற்குள் இந்தக் கண்ணாடியில் மூச்சுப் பட்டுப் பட்டு ஆவி படிந்துவிட்டது, தோளில் கிடந்த துண்டால் துடைத்தார், துடைத்த பிறகுதான் இங்கே இதற்கென்று தனித் துணி வைத்திருப்பார்களோ என்று தோன்றியது. மேசையில் தோலுறை போட்ட பைனாகுலர் ஒன்று, பக்கத்தில் தங்க ஓரம் போட்ட அட்டை, இன்று நீங்கள் காணக்கூடிய விமானங்கள் என்று தலைப்பு, கீழே மூன்றே வரி. வேறு ஊர்களில் நிமிஷத்துக்கொன்று இறங்குமாம், நோட்டில் வால் நம்பரை எழுதிக்கொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிற ஆட்கள் உண்டாம், இங்கே காலையில் இரண்டு, மத்தியானம் ஒன்று, நடுவில் ஏதாவது பார்த்தே ஆகவேண்டுமென்றால் ஓடுபாதை ஓரப் புல்லில் பூச்சி பொறுக்கும் கொக்கைப் பார்க்கலாம். இதற்கு இத்தனை பெரிய கண்ணாடி, இத்தனை வெள்ளையாய் ஒரு மெத்தை. அந்த மெத்தையில் அவர் இன்னும் உட்காரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் லாரி கேபினில் காலை மடக்கித் தூங்கிய உடம்பு, அதைப் போய் அங்கே வைப்பானேன் என்று நாற்காலி நுனியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார்.

கீழே வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அறிவுச்செல்வி என்று சட்டையில் பேர் குத்தியிருந்தது, வாழப்பாடியாம், சிரித்த முகம். ரன்வே பார்த்த ரூம் எடுக்கிறவர்கள் எல்லாம் ஏதாவது விசேஷத்துக்குத்தான் எடுப்பார்கள், உங்களுக்கு என்ன சார், கல்யாண நாளா, பேரன் பிறந்தநாளா என்று கேட்டாள். பொண்ணு வாரா என்று வாயில் வந்துவிட்டது. மூன்று முப்பத்தைந்து பிளைட்டா என்றாள். ஆமாங்க, அதுலதான் என்றார். பொய் ஒன்றும் இல்லையே, அதில்தான் வருகிறாள். ஆனால் அவள் அதைக் கேட்டுவிட்டு சும்மா இருந்தாளா, மேலே வந்து பார்த்தால் இரண்டு கோப்பை, இரண்டு ஜோடி செருப்பு, இரண்டு துண்டு, கையகலத்தில் ஒரு கேக், அதில் வருக என்று எழுத்து. அந்த எழுத்தைப் பார்க்க முடியாமல் ஒரு தட்டை எடுத்து அதன்மேல் கவிழ்த்து வைத்தார். வருகிறாள், இருபத்தைந்து நிமிஷம் நிற்பாள், ஓட்டுகிறவர்கள் நிலையத்தை விட்டு வெளியே வர மாட்டார்களாம், வந்த வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு போய்விடுவாள். மல்லசமுத்திரம் இங்கிருந்து ஒரு மணி நேரம். பெற்றவன் வீட்டுக்கு ஒரு மணி நேரத்தில் வரக்கூடிய இடத்துக்கு வந்து வந்து போகிறாள், அவள் வந்ததை மாரக்காள் சொல்லித்தான் இவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாரக்காள் அவருடைய அக்கா. அவளிடம் மட்டும் மகள் ஜீவா பேசுகிறாள், வாரத்துக்கு இரண்டு தடவை பேசுகிறாள், சாப்பிட்டீங்களா அத்தை, மாத்திரை போட்டீங்களா அத்தை... செவ்வாய்க்கிழமை சேலத்துக்கு வருதாமா என்று அக்கா சொன்னதும் இவர்தான் கேட்டார், அக்கா, அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்றியா, அந்தப் புது ஓட்டல் நாலாவது மாடியில அப்பன் நிப்பான்னு மட்டும் சொல்லு, வேற ஒண்ணும் வேண்டாம். அக்கா சொல்றேன் சாமி என்றாள். அந்தச் சொல்றேன் எப்படிப்பட்ட சொல்றேன்? சொல்லியிருப்பாளா? சொன்னால் அவள் இந்தப் பக்கம் திரும்புவாளா? முகத்தைப் பார்த்தே இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு தடவை திரும்பினால் போதும், கையைக்கூட ஆட்ட வேண்டாம்.

சின்னதில் முழுப்பரீட்சை லீவு விட்டால் போதும், லாரியில் ஏறிக்கொள்வாள், நாக்பூர் வரைக்கும் வந்திருக்கிறாள், பெற்றவள் வள்ளி திட்டத் திட்ட, இடப்பக்கம் கிளீனர் சீட்டில் கம்பளியை நாலாய் மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தால்தான் ரோடு தெரியும். வண்டியைக் கிளப்பும்போது இவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், தொழில் கற்றுக்கொடுத்தவர் பழக்கிவிட்டது அது, அவளும் முன்னால் இருக்கிற தகரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், ஒற்றிக்கொண்டு போலாமுங்க என்பாள், பெரிய மனுஷி. விமானம் ஓட்டப் போன பிறகு முதல் தடவை போட்டோ அனுப்பினாளே, வலப்பக்கம் உட்கார்ந்த போட்டோ, அதைப் பார்த்துவிட்டு இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், என் பொண்ணு டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள் என்று. லாரிக்காரனுக்கு வலப்பக்கம் என்றால் டிரைவர்தானே. அவள் போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா, இங்க எல்லாம் மாத்திங்கப்பா, கேப்டன் இடப்பக்கம், நான் ரெண்டாவது ஆளு. அப்ப நீ கிளீனருதான் போ என்று இவர் சீண்ட, கிளீனருதானுங்க என்று அவளும் ஒத்துக்கொள்ள, வள்ளி அடுப்படியிலிருந்து என் புள்ளைய யாரு கிளீனருங்கறது என்று சண்டைக்கு வர... இடப்பக்கம் எப்ப சாமி போவே என்று கேட்டதற்கு, பரீட்சை இருக்குதுப்பா, இத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கோணும்னு கணக்கு இருக்குது, நாலஞ்சு வருஷம் ஆகும், போற அன்னிக்கு உங்களுக்குத்தான் மொதல் போன் என்றாள். அதைச் சொல்லும்போது இருந்த குரல் இப்போதும் காதில் இருக்கிறது.

அந்தப் பரீட்சைதான். அந்தப் பாழாய்ப்போன பரீட்சைக்காகத்தான். வள்ளிக்குக் கர்ப்பப்பையில் கட்டி, முற்றிவிட்டது என்று ஈரோட்டில் சொன்ன அன்று, ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அவள் சொன்ன முதல் பேச்சே, ஏனுங்க, பாப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்க, போட்டது போட்டபடி ஓடியாந்துரும், பரீட்சை முடியட்டும். சரி என்றார். மூன்று மாதம் சரி சரி என்றே ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பாப்பா வருவாள், மருந்தில் முடியெல்லாம் கொட்டிப்போன தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வள்ளி உட்காருவாள், எண்ணெ வெச்சிருக்கேன் கண்ணு, தலைக்கு ஊத்தோணும் என்பாள். வாராவாரம் எண்ணெய்க் குளியலா என்று ஒரு நாளாவது அவளுக்குத் தோன்றியிருக்காதா, தோன்றாது, நம்முடைய அம்மா அப்பா நம்மிடம் பொய் சொல்வார்கள் என்று எந்தப் பிள்ளைக்குத் தோன்றும்? பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வள்ளி போய்விட்டாள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, புறப்பட்டு வா என்று அப்போதும் பொய்தான் சொன்னார். நாளைக்குச் சனிக்கிழமை, பொழுது சாயறதுக்குள்ள எடுத்தரோணும் என்று பங்காளிகள் சொன்னார்கள். ஐஸ் பெட்டிக்காரன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறக்கட்டுமா என்று கேட்டான். எல்லாரும் இவர் முகத்தைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அவள் இரவு எட்டு மணிக்கு வந்தாள். வீடு கழுவி ஈரம் காயவில்லை. அழுவாள் என்று பார்த்தால் அழவில்லை, விளக்குக்கு முன்னால் நின்றாள், இவர் பக்கம் திரும்பினாள், ஒரு நாள் ஐஸ் பொட்டியில வெச்சிருக்கலாமேப்பா என்றாள். அவ்வளவுதான். பதினாறாம் நாள் கிளம்பிப் போனவள்தான், அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. எத்தனையோ பதில் இருக்கிறது இவரிடம், உங்க அம்மா சொன்னது, பங்காளிகள் சொன்னது, சனிக்கிழமை... தனியாக இருக்கும்போது அதையெல்லாம் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஆனால் உள்ளது அதுவா குமாரசாமி? சனிக்கிழமைக்கா நீ பயந்தாய்? வந்தால் துண்டை எடுத்துப் பார்ப்பாள், ஒரு முடியில்லாத தலையைப் பார்ப்பாள், எத்தனை நாள் மறைத்தீர்கள் என்று கேட்பாள், அதற்குத்தானே பயந்து தலையை ஆட்டினாய். இதை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.

சத்தம் வந்துவிட்டது. எங்கே, எங்கே... அதோ, சேர்வராயன் மலைக்குக் கீழே ஒரு புள்ளி, இறக்கை தெரிகிறது, விசிறி தெரிகிறது, எத்தனை மெதுவாக வருகிறது, பாரம் ஏற்றிய வண்டி தொப்பூர் கணவாயில் இறங்குகிற மாதிரி நிதானமாக வருகிறது. சக்கரம் தரையில் பட்டதும் புகை கிளம்பியது. நல்லா எறக்குனே சாமி என்று வாய்விட்டுச் சொன்னார். பைனாகுலரைக் கண்ணில் வைத்தால் முதலில் எல்லாம் இரட்டையாகத் தெரிந்தது, கொக்கும் புல்லும் ஓடின, முழங்கையைக் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு பிடித்தார். வந்து நின்றது. மூக்கு மேற்கே. வலப்பக்கம் இந்தப் பக்கம். சன்னலில் ஒரு தலை.

பாப்பா இல்லை. ஓர் ஆம்பிளைப் பையன், மீசை மழித்த முகம், இருபத்தைந்து வயது இருக்குமோ என்னவோ. பைனாகுலரைத் துடைத்துவிட்டுப் பார்த்தார், அவனேதான். பிறகு அவன் இறங்கி, பச்சைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு விமானத்தைச் சுற்றி வந்தான், டயரைக் குனிந்து பார்த்தான், இவள் செய்ய வேண்டிய வேலையை எல்லாம் அவன் செய்தான். வரவில்லை. அக்கா சொல்லிவிட்டாள், சொன்னதால்தான் வரவில்லை, அப்பன் நிற்கிறான் என்று தெரிந்ததும் வேறு ஆளை மாற்றி அனுப்பிவிட்டாள். சொல்லாமல் இருந்திருந்தால் வந்திருப்பாளே, திருடன் மாதிரி ஒளிந்து நின்றாவது பார்த்திருக்கலாமே, கேட்டுக் கெடுத்துக்கொண்டாயே... அந்த வெள்ளை மெத்தையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மெத்தை உள்ளே வாங்கியது. உட்கார்ந்தபடியே எத்தனை நேரம் போயிற்றோ, ஏணியை எடுக்கிறார்கள், போகட்டும், போகிற வண்டியையாவது பார்ப்போம், அவள் நேற்றோ முந்தாநாளோ தொட்ட வண்டியாக இருக்கும் என்று எழுந்து மறுபடியும் பைனாகுலரை எடுத்தார். அந்தப் பையன் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தப் பக்கம், இடப்பக்கத்து ஆளின் கை மட்டும் தெரிந்தது. அந்தக் கை முன்னால் நீண்டது, எதையோ தொட்டது, திரும்பிப் போய்க் கண்ணில் பட்டது, இந்தக் கண்ணில் ஒன்று, அந்தக் கண்ணில் ஒன்று.

விசிறிகள் சுற்றத் தொடங்கின, விமானம் அசைந்தது, அரை வட்டம் அடித்துத் திரும்பியது, திரும்புகையில் மூக்கு இந்த ஓட்டலுக்கு நேராக வந்து, தாண்டி, இடப்பக்கம் முழுசாக இவருக்குத் தெரிந்தது. ஜீவா. காதில் மாட்டிய அந்த ஹெட்போன், கொஞ்சம் முன்னால் நீட்டிய தாடை, வள்ளியின் தாடை. டிரைவர் சீட்டில். இடப்பக்கம் தலையைத் திருப்பினாள், மேலே பார்த்தாள், நாலாவது மாடியையா, கண்ணாடியில் வெயில் அடித்ததால் கண்ணைச் சுருக்கினாளா, ஓர் எண்ணிக்கை, இரண்டு எண்ணிக்கை, பிறகு நேராகத் திரும்பிக்கொண்டாள். அந்த இரண்டு எண்ணிக்கையில் இவர் என்ன செய்தார்? திரைச்சீலையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். ஏன் மறைத்தார், பார்க்கத்தானே வந்தார், கையைத் தூக்கியிருக்கக் கூடாதா என்று நினைப்பதற்குள் அது ஓடி, எழும்பி, ஓமலூர்ப் பக்கம் போய்ச் சின்னதாகிவிட்டது.

அக்காவுக்குப் போன் போட்டார். பாப்பா இடப்பக்கம் உக்காந்திருக்குது அக்கா என்றார். அந்தப் பக்கம் மாரக்காள் பெருமூச்சு விட்டது கேட்டது.

"போன மாசமே ஆயிருச்சு சாமி. கேப்டனாயிருச்சு. எனக்குத்தான் மொதல்ல போன் போட்டுது. அப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்க அத்தைன்னுச்சு."

அப்படியா என்றார். நல்லது அக்கா, நல்லது என்றார். அப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்க. பாப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்க. எங்கே கற்றுக்கொண்டாள் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. உங்களுக்குத்தான் மொதல் போன் என்றவள்... நல்ல சேதி இது, சந்தோஷமான சேதி, ஒரே ஒரு மாதம் தன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததற்கே மனசு இப்படிக் கிடந்து அடித்துக்கொள்கிறதே, பெற்றவள் சாகிற சேதியை, அதுவும் மூன்று மாதம்... இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது அக்காவிடம். நான் இங்கே நிற்பேன் என்று அவளிடம் சொன்னாயா? சொல்லியிருந்தால் அவள் பார்த்தது தன்னைத்தான். சொல்லவில்லை என்றால், வண்டியை எடுக்கும் முன் இடப்பக்கம் பார்ப்பது ஓட்டுகிறவர் யாரும் செய்கிறதுதான், லாரிக்காரனுக்குத் தெரியாததா. கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வெச்சரட்டுமா சாமி என்றாள் அக்கா. வெச்சிரு அக்கா என்றார்.

தட்டை நிமிர்த்திப் பார்த்தார், வருக என்ற எழுத்தில் பாதி தட்டில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அறைப் போன் அடித்தது. வரவேற்பிலிருந்து அறிவுச்செல்வி, பிளைட் வந்துட்டுப் போயிடுச்சே சார், மேடத்தை இன்னும் காணோமே, வாசலில் வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாமுங்க. வந்துட்டா."

"அப்படியா சார், நான் கவனிக்கலையே. பார்த்துட்டீங்களா?"

ஓடுபாதை காலியாகக் கிடந்தது, கொக்கு திரும்ப வந்து புல்லில் நின்றது. திரைச்சீலையின் ஓரம் மறுபடியும் அவர் கைக்கு வந்திருந்தது.

"நான் பாத்துட்டனுங்க" என்றார்.