வாழ்த்து அனுப்பியவரின் நம்பர்

பிராண்டே என்ற டெனிஷ் ஊரில் கேபிள் கட்டும் அந்தத் தொழிற்சாலையில் காலை ஒன்பதரைக்கு எல்லாக் கைகளும் நின்றுவிடும். கோப்பிக்காக மட்டுமல்ல, வானொலிக்காகவும்தான். உள்ளூர் வானொலி. குதிரைக்காரர் பாடுகிற அமெரிக்கக் கன்ரிப் பாட்டு ஒன்று, அடுத்து நடுத்தர வயதுக்காரருக்கென்று ஒரு மெல்லிசை, திரும்பவும் கன்ரி. நாள் முழுக்க இதே கூத்து. ஊரெல்லாம் பன்றி வளர்க்கிற நாட்டில் பாட்டில் மட்டும் குதிரை ஓடும். ஆனால் ஒன்பதரைக்குப் பிறந்தநாள் வாழ்த்து வாசிப்பார்கள். அதைக் கேட்காவிட்டால் இவர்களுக்குக் கோப்பி இறங்காது.

விக்ரோரியா ஒன்பது வருடமாக அதைக் கேட்கிறாள். ஐம்பது, அறுபது என்று யாருக்கு வந்தாலும் வீட்டிலுள்ளவர்கள் வானொலிக்கு வாழ்த்து அனுப்பிவிடுவார்கள். பெயர் வந்ததும் மண்டபமே எழும்பிப் பாடும். வருகிற வியாழன் அவளுக்கு அறுபது. கணவர் இறந்து ஆறு வருடம். ஒரே மகன் டிலுக்சன் வைலேயில் இருக்கிறான். காரில் நாற்பது நிமிடம். வர நினைக்கிறவனுக்கு அது பக்கம்தான். அவனுக்கு நாள் நினைவிராது என்று அவளுக்குத் தெரியும். அதுகூடப் பரவாயில்லை. பெயர்களெல்லாம் வாசித்து முடிந்ததும் பக்கத்து மேசைப் பிர்கிற் திரும்பி இவளைப் பார்ப்பாளே, ஐயோ பாவம் என்று ஒரு பார்வை, அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

அதனால் அவளே அனுப்பினாள். வானொலியின் இணையப் பக்கத்தில், மகனின் பெயரில், "அன்பான அம்மாவுக்கு" என்று. என்ன பாட்டு என்ற இடத்தை வெறுமையாக விட்டாள். மனதுக்குள் ஒரு குதிரைப் பாட்டு வந்தால் நல்லது என்றிருந்தது. அந்தப் பாட்டுகளில் எப்போதும் யாரோ வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருப்பார்கள். கடைசியில் அனுப்பியவரின் நம்பர் கேட்டது. தன் நம்பரைப் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமென்று மகனின் நம்பரையே போட்டாள். புத்திசாலித்தனம் என்றால் அப்படியொரு புத்திசாலித்தனம்!

வியாழன் காலை, தொழிற்சாலை வழக்கப்படி பிறந்தநாள்காரியே பேக்கரியில் பணிஸ் வாங்கி வந்து பரப்பினாள். பிர்கிற் மேசை நடுவில் பிறந்தநாளுக்கு வைக்கிற சின்ன டெனிஷ் கொடி ஒன்றை நட்டுவைத்தாள். ஒன்பதரைக்கு அறிவிப்பாளர் அவள் பெயரை வாசித்தார். அதோடு விட்டாரா?

"அறுபதாவது! மகனையே கூப்பிட்டு நேரடியாக வாழ்த்தச் சொல்வோமே."

ஒன்பது வருடத்தில் ஒருவரையும் கூப்பிடாத மனுசன். மண்டபம் முழுக்க ரெலிபோன் அடிக்கிற சத்தம். மாதாவே, அவன் எடுக்கக்கூடாது, எடுக்கக்கூடாது.

எடுத்தான்.

"டிலுக்சன், அம்மாவுக்கு என்ன அழகான வாழ்த்து அனுப்பியிருக்கிறீர்கள்!"

வானொலியில் மூன்று விநாடி சத்தமில்லாமல் போவது லேசுப்பட்ட விசயமில்லை. பிர்கிற் கோப்பையைக் கீழே வைத்தாள். விக்ரோரியா பணிஸைப் பார்த்தபடி இருந்தாள்.

"ஆம், நான்தான்," என்றான் அவன் டெனிஷில். "வாழ்த்துகள், அம்மா."

"இன்றைக்கு என்ன திட்டம்?"

"பின்னேரம் அம்மாவிடம் போகிறேன். சேர்ந்து சாப்பிடுவோம்."

"அம்மாவுக்கு எது பிடிக்கும், கன்ரியா, மெல்லிசையா?"

"அம்மா அமைதியானவர். மெல்லிசையே போடுங்கள்."

போட்டார்கள். பிறகு மண்டபம் எழும்பிப் பாடியது. மகன் வருகிறானே என்று மேற்பார்வையாளர் அன்று அவளை ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு அனுப்பிவைத்தார். பிர்கிற் அந்தக் கொடியையும் கையில் திணித்தாள்.

அவன் சொன்னது பொய் என்று அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்? ஆனாலும் அத்தனை பேர் நம்பிக்கொண்டு நிற்கும்போது ஒருத்தி எவ்வளவு நேரம்தான் நம்பாமல் இருப்பது? வழியில் ஆட்டிறைச்சி வாங்கினாள். இடியப்பம் அவித்தாள். மேசையில் இரண்டு தட்டு வைத்து நடுவில் கொடியை நட்டாள்.

ஆறு மணிக்குப் போன் வந்தது. அவன்தான்.

"சொறி அம்மா, மறந்துபோனேன். ஆனால் எப்படிச் சமாளித்தேன், பார்த்தீர்களா?" என்று டெனிஷில் சிரித்தான்.

"எங்கை நிக்கிறாய்? இடியப்பம் ஆறப்போகுது."

அவன் சிரிப்பை நிறுத்தினான். அதன்பின் ஒரு வசனத்தை மட்டும் தமிழில் சொன்னான்.

"அம்மா, அது ரேடியோவுக்குச் சொன்னது."

"ஓம் ஓம், எனக்குத் தெரியாதே? சும்மா பகிடிக்குக் கேட்டனான்."

போனை வைத்ததும் அழுகை வந்தது. அழுதாள். பிறகு ஒரு தட்டை எடுத்து அலுமாரியில் வைத்தாள்.

அடுத்த நாள் கோப்பி நேரத்தில் பிர்கிற் விடவில்லை. "எப்படிப் போனது? மகன் நன்றாகச் சாப்பிட்டாரா?"

"மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டான்," என்றாள் விக்ரோரியா. "கறிச்சட்டியையே வழித்துவிட்டான்."

"கொடுத்துவைத்தவள் நீ."

மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். விக்ரோரியா பசியில்லை என்று சொல்லிவிட்டுத் தன் பெட்டியைப் பையின் அடியில் தள்ளினாள். அது நிறைய நேற்றைய ஆட்டிறைச்சிக் கறி இருந்தது.