துரையை அடித்தது யார்?

மங்கையர்க்கரசிக்குப் புருஷன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வேறு பெண் விவகாரமாக இருந்தாலாவது நாலு பேரிடம் சொல்லி அழலாம். இது கிளி விவகாரம். புனே பக்கம் நிக்டியில் ஒரு வகுப்புப் பிள்ளைகளையே முறைப்பால் அடக்கும் கணக்கு டீச்சர், ‘நான் இல்லாத நேரத்தில் என் வீட்டுக்காரர் கிளியைப் போட்டு அடிக்கிறார்’ என்று எந்த வாயால் சொல்வாள்?

கிளியின் பெயர் துரை. இருபது வருஷத்துக்கு முன்னால், புருஷன் சந்திரமௌலி வேலை பார்த்த பிம்ப்ரி தொழிற்சாலை வளாகத்தில் மரத்திலிருந்து விழுந்து கிடந்த குஞ்சு. சட்டைப் பைக்குள் போட்டு எடுத்து வந்தார். பேர் வைத்தவள் மங்கை. அத்தனை அதிகாரம் அதற்கு. பப்பாளி கனியாமல் இருந்தால் கிண்ணத்தோடு தள்ளிவிடும். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கூண்டைத் திறந்தால் தோளில் ஏறிக்கொண்டு, “மங்கை, காபி!” என்று சந்திரமௌலியின் குரலிலேயே அதட்டும். பிள்ளை இல்லாத வீட்டில் அந்த ஒரு அதட்டலுக்காகவே அவள் பஸ் நிறுத்தத்திலிருந்து வேகமாக நடந்து வருவாள்.

அந்தத் துரைதான் இப்போது கையை நீட்டினால் கத்துகிறது. கதவைத் திறந்துவிட்டாலும் வெளியே வருவதில்லை. மூலைக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு நடுங்குகிறது. பேச்சு நின்றே போயிற்று. கொய்யாத் துண்டை நீட்டினால் துண்டை விட்டுவிட்டு விரலைக் கவ்வுகிறது. சும்மா சொல்லக் கூடாது, ரத்தம் வருகிற மாதிரி.

எப்போதிலிருந்து இப்படி? டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் ஒரே விடைதான் வந்தது. மார்ச்சில் சந்திரமௌலி வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வை வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த நாளிலிருந்து.

இரண்டாயிரத்து இரண்டில் பிம்ப்ரிப் பக்கம் வீட்டுக்கு வீடு இதே கதைதான். ஐம்பத்து மூன்று வயதில் ‘கையெழுத்துப் போடு, கிளம்பு’ என்று அனுப்பிவிட்டார்கள். சந்திரமௌலி ஏற்கெனவே முன்கோபி. யூனியன் கூட்டத்தில் நாற்காலியைத் தூக்கி எறிந்த மனுஷன். இப்போது எரிந்து விழ மேனேஜரும் இல்லை, யூனியனும் இல்லை. பகல் முழுக்க வீட்டில் அவரும் கிளியும்தான். பின்னே யார்மேல் காட்டுவார்?

ஒருநாள் அவர் புறங்கையில் நீளமாகக் கீறல் இருந்தது.

“இது என்னங்க?”

“துரை பிராண்டிட்டான்.”

“சும்மா இருந்தா பிராண்டுவானா?”

“அதான் எனக்கும் புரியல” என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். மாட்டிக்கொண்டவன் பேசுகிற பேச்சு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு போடும்போதுகூட அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொறுக்க முடியாமல் கீழ்வீட்டுச் சரசாவை மாடிப்படியில் நிறுத்தினாள். அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசும் இன்னொரு வீடு அது மட்டும்தான்.

“சரசா, பகல்ல எங்க வீட்லேருந்து சத்தம் கித்தம் கேக்குதா?”

“என்ன சத்தம் டீச்சர்?”

“கத்துற சத்தம்... கை நீட்டுற மாதிரி, அடிக்கிற மாதிரி...”

சரசா கண்ணை அகல விரித்தாள். “ஐயோ, ஏன் டீச்சர்?”

கிளி என்று சொல்ல மங்கைக்கு வெட்கமாக இருந்தது. “ஒண்ணுமில்ல, விடு. யார்கிட்டயும் சொல்லிடாத” என்று மேலே ஏறிவிட்டாள். சரசாவிடம் போய் யாரிடமும் சொல்லாதே என்றால் நடக்கிற காரியமா?

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று மங்கை முடிவு செய்தாள். அப்படிப் பிடித்துவிட்டால் இந்த மனுஷனோடு இனி ஒரே வீட்டில் இருக்கப் போவதில்லை. அதையும் தீர்மானமாகவே நினைத்துக்கொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பி, தன் சாவியால் சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள்.

ஹாலில் சந்திரமௌலி தரையில் உட்கார்ந்திருந்தார். துரையைத் துண்டில் சுற்றி இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தார். துரை வீறிட்டுக்கொண்டிருந்தது.

“விடுங்க அவனை! நீங்கள்லாம் மனுஷனா?”

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். வலது கையில் டார்ச் இருந்தது.

“கத்தாத, இன்னும் பயப்படுவான். இங்க வா, கண்ணைப் பாரு.”

டார்ச் வெளிச்சத்தில் துரையின் கண்மணி கறுப்பாக இல்லை. பால் ஊற்றின மாதிரி வெளுத்திருந்தது. இன்னொரு கண்ணும் அப்படித்தான். மங்கை அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று பயந்து இதுவரை டாக்டரிடமே போனதில்லை. அன்று சாயங்காலம் கூண்டைப் போர்வையால் மூடி ரிக்ஷாவில் பக்கத்து ஊர் சிஞ்ச்வடுக்குக் கொண்டுபோனார்கள். மராட்டிக்கார டாக்டர் சட்டமெல்லாம் பேசவில்லை. பார்த்துவிட்டு, கண்புரை, வயசானதால் வந்தது, வந்து ஒரு வருஷமாவது இருக்கும் என்றார்.

“ஒரு வருஷமா? போன மார்ச் வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்?” என்றாள் மங்கை இந்தியில்.

“கூண்டு இடம் மாறியதா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது வருஷமாகக் கூண்டு சமையலறை வாசலில்தான் தொங்கியது. மார்ச்சில் அதை ஹாலுக்கு மாற்றியவர் சந்திரமௌலி.

“வீட்ல தனியா இருக்கேனா... பேச்சுத்துணைக்குன்னு என் நாற்காலி பக்கத்துல மாட்டினேன்” என்றார் அவர் தமிழில், அவளைப் பார்க்காமல்.

பழகின இடத்தில் குருட்டுக்கிளி கண் தெரிவதுபோலவே நடமாடும், மனப்பாடம்தான், இடத்தை மாற்றியதும் அதற்கு உலகமே போய்விட்டது என்று டாக்டர் விளக்கினார். பழைய இடத்தில் மாட்டுங்கள், கிண்ணத்தைக்கூட நகர்த்தாதீர்கள், பேசிக்கொண்டே பக்கத்தில் போங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் சந்திரமௌலி கூண்டைச் சமையலறை வாசலில் மாட்டினார். அடுத்த வாரமே துரை மங்கையின் தோளுக்கு வந்துவிட்டது. ஹாலில் அவர் நாற்காலி மட்டும் தனியாகக் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் தன்னையே நொந்துகொண்டாள். எவ்வளவு கேவலமாக நினைத்துவிட்டோம்! சரசாவிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கீழே போனாள்.

“அன்னைக்குக் கேட்டேனே சரசா, அது கிளியைப் பத்தி. அவர் கிளியை அடிக்கிறார்னு நான்தான் தப்பா நெனச்சிட்டேன். அதுக்குக் கண்ணு தெரியல, பாவம்.”

சரசாவின் முகம் செத்துப்போயிற்று. “கிளியா? டீச்சர், நாங்க... சார் உங்களை அடிக்கிறார்னுல்ல நெனச்சோம்!”

“நாங்கன்னா?”

“நம்ம சொசைட்டி குடியிருப்பு முழுக்கவே டீச்சர். சொசைட்டி செக்ரெட்டரி உங்க வீட்டு சாரைக் கூப்பிட்டு, பொம்பளை மேல கை வைக்கிறது நல்லா இல்லன்னு கண்டிச்சாராம். மத்தவங்களும் சார்கூட வாக்கிங் போறதை விட்டுட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

மங்கை எப்படி மாடி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. சந்திரமௌலி சமையலறையில் நின்று, “துரை, நான்தான்டா, வரேன்” என்று சொல்லிக்கொண்டே கொய்யாத் துண்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

“செக்ரெட்டரி கூப்பிட்டுப் பேசினாராமே. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

துரை கொய்யாத் துண்டை வாங்கும்வரை அவர் காத்திருந்தார்.

“பயமா இருந்துச்சு மங்கை. வேலை போனவன் வேணாம்னு நீ நெனச்சு அப்படிச் சொல்லிட்டியோன்னு. நான் கேட்டு, நீ ஆமான்னுட்டா எங்க போவேன்?”

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“சட்டையைப் போடுங்க.”

“எதுக்கு?”

“வாக்கிங் போவோம்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தெருவில் அவர் கையை அவள் பிடித்ததில்லை. அன்று பிடித்தாள். கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செக்ரெட்டரி வீட்டு வாசல் வந்ததும் சந்திரமௌலி கூச்சத்தோடு கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை. அந்த வீட்டு மணியை அழுத்தினாள்.