கழிவறைக்கு முன் அனுமதி

பதினோரு வருடமாக அந்த வீட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டதெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவு வழியாகத்தான். அவள் இரவு வார்டு நர்ஸ். அவன் லிப்ட் மெக்கானிக். அவள் வீடு திரும்பும்போது அவன் கிளம்பியிருப்பான். அவன் திரும்பும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். “பால் தீர்ந்துவிட்டது”, “முதுகுவலி எப்படி?”, “உன் குரல் மறந்துவிடும் போலிருக்கிறது” என்று காந்தப் பொம்மைகளுக்கு அடியில் சீட்டுகள் தொங்கும். கடைசிச் சீட்டைப் படித்த அன்றுதான் அவள் ராஜினாமா எழுதினாள்.

வீட்டிலிருந்தே பார்க்கிற நர்ஸ் வேலை ஒன்று இருந்தது. மருத்துவமனைகள் அனுப்பும் கோப்புகளைப் படித்து, இந்த நோயாளிக்கு இன்னும் இரண்டு நாள் படுக்கை தேவையா, காப்பீட்டு நிறுவனம் அதற்கு ஒப்புக்கொள்ளலாமா என்று சொல்ல வேண்டும். வேண்டாத படுக்கைக்கு ‘இல்லை’ என்று எழுத அவளுக்குக் கூச்சமில்லை. வேண்டியவருக்குச் ‘சரி’ என்று எழுத விடுவார்களா என்பதுதான் கேள்வி.

“உன் கடிதம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் என் டிராயர்லதான் இருக்கும்” என்றார் மேட்ரன். “அதுவரைக்கும் லீவுல இரு. மனசு மாறினா சொல்லு. அஞ்சு மணிக்கு மேல அனுப்பிடுவேன்.”

திங்கட்கிழமை, முதலாவது நிறுவனம் நேர்முகத்துக்கு அழைத்தது. சிரித்த முகமாக ஓர் இளைஞன் திரையில் வந்து, வேலை எப்படி நடக்கும் என்று செய்து காட்டினான். ஒரு கோப்பைத் திறந்து ‘இல்லை’ என்று அழுத்தியதும் திரை முழுக்கப் பலூன்கள் பறந்தன. யாரோ கைதட்டினார்கள்.

“‘சரி’ன்னு போட்டா என்ன வரும்?” என்று கேட்டாள்.

அவன் திரையில் இங்குமங்கும் தேடிப் பார்த்தான். “அதுக்கு இன்னும் படம் போடலை சிஸ்டர். யாரும் கேட்டதில்லை.”

பின்னால் உட்கார்ந்திருந்த மாமியார், “கட் பண்ணும்மா” என்றாள். முப்பது வருடம் தபால் நிலையக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் அவள். ஆளைப் பார்த்தே முத்திரை குத்திவிடுவாள்.

இரண்டாவது நிறுவனம் பெரியது. சம்பளம் வார்டு சம்பளத்தைவிட ஒன்றரை மடங்கு. இரண்டு நாள் சோதனை வேலை. கற்பனை நோயாளிகள், மாதிரிக் கோப்புகள். ஒரே ஒரு நிபந்தனை: கேமரா முன்னால் எப்போதும் ஓர் ஆள் தெரிய வேண்டும். எழுந்து போவதென்றால் முன் அனுமதி.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவள் படிவத்தை நிரப்பினாள். செல்லுமிடம்: கழிவறை. கோரும் நேரம்: ஏழு நிமிடம். இதைவிடச் சிக்கனமான மாற்று வழி உண்டா: இல்லை.

பதில் உடனே வந்தது. ‘ஒத்த வயதினருக்கு நான்கு நிமிடம் போதுமானது. நான்கு நிமிடம் ஏற்கப்படுகிறது. மூன்று நிமிடம் நிராகரிக்கப்படுகிறது.’

“பாதியில எழுந்து வரச் சொல்றானா?” என்று கேட்ட மாமியாருக்கு, படிவம் என்றதும் கண்ணில் பழைய ஒளி வந்துவிட்டது. “விடாதே. மேல்முறையீடு போடு. ரெண்டு நகல் எடுத்துக்கோ. ஒண்ணு நமக்கு.”

மேல்முறையீட்டை விசாரிக்க ஒரு டாக்டரே திரையில் வந்துவிட்டார். கழுத்தில் டை. முகத்தில் கவலை.

“கடைசியா எப்போ போனீங்க?”

“காலைல ஆறு மணிக்கு.”

“தண்ணி?”

“ரெண்டு டம்ளர்.”

“அவசரம்னு சொல்ல முடியாதே. வீட்லயே வெச்சுச் சமாளிக்கப் பாருங்களேன்.”

“டாக்டர், நான் வீட்லதான் இருக்கேன்.”

அவர் குறிப்பேட்டைப் புரட்டினார். அந்தப் பதிலுக்கு அதில் பக்கம் இல்லை போலும். “பரிசீலிக்கிறோம்” என்று சொல்லி மறைந்தார். பரிசீலனை முடிவதற்குள் மதிய இடைவேளையே வந்துவிட்டது.

இந்தக் கதையைச் சாயங்காலம் கேட்ட கணவன், சிரித்துச் சிரித்து இருமினான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மறுநாள் லீவு போட்டான்.

“நீ போயிட்டு வா. நான் உக்காந்துக்கறேன். ஆள் தெரியணும், அவ்வளவுதானே?”

“என்னங்க, மீசை இருக்கே உங்களுக்கு!”

அதற்கும் வழி இருந்தது. அவளுடைய சால்வையை மூக்கு வரை போர்த்திக்கொண்டு, புதன்கிழமை பத்து பன்னிரண்டுக்கு அவன் நாற்காலியில் அமர்ந்தான். லிப்ட் குழிக்குள் மணிக்கணக்கில் அசையாமல் நின்று பழகியவன், இமைகூடக் கொட்டவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு கோப்பு வந்து விழுந்தது. எழுபத்தோரு வயதுப் பெரியவர், இடுப்பு எலும்பு ஆபரேஷன், தனியாக வசிக்கிறார், நான்காவது மாடி. இன்னும் இரண்டு நாள் கேட்கிறார்கள். ஓரத்தில் கடிகாரம் சிவப்பாக ஓடியது. அவன் ஒற்றை விரலை நீட்டி, ‘சரி’யை அழுத்தினான்.

திரும்பி வந்தவள் தலையில் கை வைத்தாள். “என்ன பண்ணிட்டீங்க! நீங்க என்ன நர்ஸா?”

“நாலாவது மாடிம்மா. லிப்ட் ஓடுதான்னு ஒரு வரி எழுதலை. பாதி கட்டடத்துல ஓடாது, எனக்குத் தெரியாதா? அந்த இடுப்பை வெச்சுக்கிட்டு அவர் எப்படி ஏறுவார்?”

அவள் கோப்பை மறுபடி மேலிருந்து படித்தாள். கேட்டிருக்க வேண்டிய கேள்விதான்.

வியாழக்கிழமை கடிதம் வந்தது. மாமியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உரக்கப் படித்தாள். ‘வாழ்த்துகள். பத்து பன்னிரண்டிலிருந்து பத்து பத்தொன்பது வரை தாங்கள் காட்டிய அசைவற்ற ஈடுபாடு எங்கள் வரலாற்றிலேயே மிக உயர்ந்தது. இனி எப்போதும் அப்படியே அமருமாறு வேண்டுகிறோம். அதே நேரத்தில் எடுத்த முடிவு மட்டும் தவறு. மாடி எண் எங்கள் விதிகளில் இல்லை.’

“அப்போ வேலை எனக்கா, அவளுக்கா?” என்றான் கணவன்.

“சால்வைக்கு” என்றாள் மாமியார்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஒன்றரை மடங்குச் சம்பளம், இவனோடு ஒரே மேஜையில் ராச்சாப்பாடு. கிழிக்கக் கை வருமா? மறுநாள் காலை அவர்களுக்கு ஒப்புதல் அனுப்பிவிடலாம் என்று பாதி மனதோடுதான் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மூன்றாவது நிறுவனம். கணவன் அன்றும் லீவு. சின்னது. திரையில் வந்தவர் நரைத்த தலையும் தொங்கும் கண்ணாடியுமாக ஒரு மூத்த நர்ஸ். பேச்சை ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“சிஸ்டர், ஒரு நிமிஷம். பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்.”

எழுந்தார். போயே போய்விட்டார். திரையில் காலி நாற்காலி மட்டும் இருந்தது. சைரன் ஒலிக்கவில்லை. டை கட்டிய டாக்டர் வரவில்லை. மூன்று பேரும் அந்த நாற்காலியை வாய் பிளந்து பார்த்தார்கள்.

“எட்டு நிமிஷம்” என்று மாமியார் கிசுகிசுத்தாள். “படிவமே இல்லாம!”

திரும்பி வந்தவர் கைகளைத் துடைத்தபடியே கேட்டார். “வயசானவர், இடுப்பு ஆபரேஷன். இன்னும் ரெண்டு நாள் வேணும்ங்கறாங்க. என்ன பண்ணுவீங்க?”

“எத்தனாவது மாடி, லிப்ட் ஓடுதான்னு கேப்பேன்.”

கண்ணாடி நிமிர்ந்தது. “யாரை?”

“வார்டு நர்ஸை. போன் போட்டா சொல்வாங்க. பதினோரு வருஷமா அந்தப் போனை எடுத்தவளே நான்தான்.” மூச்சு விட்டுவிட்டுத் தன் கேள்வியையும் கேட்டாள். “இங்க ஒரு நாளைக்கு எத்தனை கோப்பு மேடம்?”

“போன் போட நேரம் மிஞ்சற அளவுக்கு. சம்பளம் உங்க வார்டை விடக் கொஞ்சம் கம்மிதான், இப்பவே சொல்லிடறேன்.”

“இங்கேர்ந்து வேலையை விட்டுட்டுப் போனவங்க நம்பர் ஒண்ணு தருவீங்களா?”

அவர் சிரித்தார். “தர்றேன். ஆனா திட்டுவா.”

திட்டத்தான் செய்தாள், அந்த முன்னாள் நர்ஸ். நாலரை மணிக்குத்தான் போனை எடுத்தாள். கம்ப்யூட்டர் ஆமை, மீட்டிங் அறுவை, தீபாவளி வெடிபோல ஒரு ஹெட்போன் என்று பொரிந்து தள்ளினாள்.

“‘சரி’ன்னு எழுதினா?”

“எழுதினா என்ன? சரிதான். அதுக்கெல்லாம் யாரு கேக்கறா? என் வீட்டுக்காரருக்கு வெளியூர் மாத்தல், அங்க நெட் கிடையாது. இல்லைன்னா நான் ஏன் விடறேன்?”

நாலு ஐம்பத்திரண்டுக்கு மேட்ரனுக்குப் போன் போனது. “கடிதத்தை அனுப்பிடுங்க மேடம்.” பெரிய நிறுவனத்துக்கு மாமியாரே பதில் தட்டினாள்: ‘சால்வை துவைக்கப் போட்டிருக்கிறது. வர இயலாது.’

முதல் நாள் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் கடைசிக் கோப்பை மூடிவிட்டு எழுந்தபோது, ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு தொங்கியது. எழுதியவன் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தான்.

‘முன் அனுமதிப் படிவம். செல்லுமிடம்: உன் பக்கத்து நாற்காலி. கோரும் நேரம்: ராத்திரி முழுக்க. சிக்கனமான மாற்று வழி உண்டா: இல்லை.’

அவள் பேனாவைத் தேடினாள். பிறகு பேனா வேண்டாம் என்று தோன்றியது.

“சரிங்க” என்றாள், வாய்விட்டு.