மணல் குவியலில் ஒரு சிறுத்தை

1
இந்தக் கதை எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. ஒத்துக்கொள்கிறேன். கோவில்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில், வீடு கட்டக் கொட்டிய மணலில் வட்ட வட்டமாகத் தடங்கள். அளவுக்கு ஒரு தீப்பெட்டி வைத்திருந்தார்கள். தடம் அதைவிடப் பெரிது. கீழே: "சிறுத்தை. உறுதி. இவண், பூவனநாதன், தலைவர், கானுயிர்க் காவலர் பேரவை."*

(*பேரவையில் இரண்டு பேர். மற்றவர் படம் எடுக்கும் விஜயராஜ்.)

2
முதல் தொடக்கம்: "கரிசலின் கருவறையிலிருந்து ஆதி மிருகமொன்று மெல்ல..."

வேண்டாம். பூவனநாதன் எழுதியதுபோலவே இருக்கிறது.

இரண்டாவது: வள்ளிமயிலின் ஒரே ஆட்டுக்குட்டியைச் சிறுத்தைக்கு இரையாகக் கூண்டருகே கட்டிவிட்டார்கள்.

இது போதும்.

3
வள்ளிமயிலுக்குப் பூவனநாதனின் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை. அதனால் குட்டியைக் கேட்டபோது கொடுத்துவிட்டாள். (முதல் வரைவில் அவளை 'வீரமங்கை' என்று எழுதினேன். சம்பளம் வாங்குகிறவள் கொஞ்சம் யோசிப்பாள் என்று அடித்துவிட்டேன்.)

மறுநாள் காலை தூறல் விட்டதும், பக்கத்து வீட்டுச் செல்வமாரியின் நாய் கரிசல் காட்டைத் தாண்டி வந்தது. நாலு காலிலும் மண் உருண்டையாக அப்பியிருந்தது. மணலில் ஏறி இறங்கியது. வள்ளிமயில் எட்டிப் பார்த்தாள்: புத்தம்புதுச் சிறுத்தைத் தடங்கள்.

4
"மொதலாளி, அது நாய்த் தடம்."

"நாய்னா நகம் பதியும். நகம் எங்கட்டி?"

"மழைக்குப் பெறவு கரிசல்ல நடந்தா நகமெல்லாம் மண்ணுக்குள்ள போயிரும். நடந்து பாத்திருக்கியளா?"

"நான் புத்தகம் படிச்சிருக்கேன்."

"காடு படிக்கலையே, மொதலாளி."

விஜயராஜ் சிரித்துவிட்டார். பூவனநாதன் ரோஷத்தோடு ஷூ காலைக் காட்டில் வைத்தார். ஆறாவது எட்டில் ஷூ முறம் அளவுக்கு ஆகிவிட்டது. தட்டுத் தடுமாறி மணலில் ஏறினார்.

விஜயராஜ் குனிந்து பார்த்தார். "அண்ணாச்சி, இதுக்கு என்ன போடட்டும்? யானையா?"

பூவனநாதன் ஷூவை உதறினார். "கூண்டு வந்தது வந்துட்டு. குட்டி இருக்கட்டும்."

5
முடிவு அ: பூவனநாதன் மனம்விட்டுச் சிரித்து... (சிரிக்கவைக்க மூன்று நாள் முயன்றேன். மாட்டேன் என்கிறார்.)

முடிவு ஆ: அந்த நேரம் பார்த்து நிஜச் சிறுத்தை... (எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

நான் இப்படி அடித்து எழுதிக்கொண்டிருக்கையில் வள்ளிமயில் குட்டியின் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். "வாரேன், மொதலாளி" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை ஆபீசில் அவளுக்கு வேலை இருக்குமா? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் முடிவுக்கு இரை தேவைப்பட்டால் வேறு ஆடு பாருங்கள். இந்தக் குட்டியை அவள் கொண்டுபோய்விட்டாள்.