பத்து லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம்

எங்கள் அலுவலகம் எண்களுக்கு அகராதி தயாரிக்கிறது. ஓர் எண்ணுக்கு ஒரு பக்கம்: அதன் காரணிகள் என்ன, அது பகா எண்ணா, எந்த இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் அது வரும். கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷினில் நான் வகுத்து எழுதுவேன். பக்கத்து மேஜையில் என் நாத்தனார் தட்டச்சு அடிப்பாள். தொடர்ந்து நூறு பக்கம் பிழையில்லாமல் கொடுத்தால் சரிபார்ப்பு மேஜைக்கு மாற்றுவார்கள். ஒரு பிழை வந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து. அந்த மேஜை ஜன்னலோரம். வருகிற பக்கங்களில் பத்தில் ஒன்றை வகுத்துப் பார்த்துவிட்டு மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பலாம். பதினோரு வருடத்தில் இரண்டு தடவை எண்பதைத் தாண்டிச் சறுக்கியிருக்கிறேன்.

10,05,973 என் நூறாவது எண். ஆயிரத்துக்குள் இருக்கும் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இரண்டு நாள் வகுத்தேன். ஒவ்வொரு தடவையும் மீதி வந்தது. 'பகா எண்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சரிபார்ப்பு மேஜை அதை எடுத்துப் பார்க்கவில்லை.

"மேஜை மாறினப்புறம் எங்களையெல்லாம் ஞாபகம் இருக்குமா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"முதல்ல அடி. பன்னிரண்டு மணிக்கு அச்சுக்குப் போகணும்."

"அடிக்கிறேன், அடிக்கிறேன். இப்பத்தான் 10,06,009 முடிச்சேன். ஆயிரத்து மூணோட வர்க்கம். உங்களோடது அதைவிட முப்பத்தாறுதான் கம்மி. என் வயசு! வெளியில சொல்லிடாதீங்க, அம்மா இன்னும் முப்பதுலயே நிறுத்தி வச்சிருக்காங்க."

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினேன். முப்பத்தாறு ஆறின் வர்க்கம். அப்படியானால் என் எண் இரண்டாகப் பிரியும்: ஆயிரத்து மூன்றில் ஆறைக் கழித்தால் ஒன்று, கூட்டினால் இன்னொன்று. 997, 1009.

பகா எண் பட்டியலை எடுத்தேன். முன்பக்கம் 991-உடன் முடிந்தது. இடமில்லாமல் 997 மட்டும் பின்பக்கம் தனியாக நின்றது.

விஷயத்தைச் சொன்னேன். நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "இதை எவன் வந்து வகுத்துப் பாக்கப் போறான்? பேசாம ஜன்னலோரமாப் போய் உக்காருங்க அண்ணி."

நியாயமாகத்தான் பட்டது. என்னை உறுத்தியது வேறு. தாளைத் திருப்ப மறந்தேனா? 991 முடிந்தபோது தாளின் ஓரத்தை என் விரல் தொட்டது நினைவிருக்கிறது. தொட்ட விரலை எடுத்துக்கொண்டேன். போதும் போதும் என்றிருந்தது. அதை மறதி என்று சொல்லிக்கொண்டு அந்த மேஜையில் உட்கார்ந்தால், அடுத்தவர் கணக்கை எந்த முகத்தோடு திருத்துவேன்?

பக்கத்தை வாங்கி, வேறொரு தாளில் மாற்றி எழுதினேன். பகு எண். 997 பெருக்கல் 1009. 778-இன் வர்க்கமும் 633-இன் வர்க்கமும் சேர்ந்தால் இதுதான். 958-இன் வர்க்கமும் 297-இன் வர்க்கமும் சேர்ந்தாலும் இதுதான். பகா எண்ணுக்கு இப்படி இரண்டு வழி வாய்க்காது. என் எண்ணுக்கு இரண்டும் வாய்த்திருந்தது.

மேலாளர் இரண்டு பக்கங்களையும் பார்த்தார். "கையெழுத்துப் போட்டுட்டீங்களேம்மா. இனி ஒண்ணுல இருந்துதான். எப்படி ஆச்சு?"

மறதி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"கடைசி ஒண்ணை வகுக்கல சார். அலுப்பா இருந்துச்சு."

அவர் தலையாட்டிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். நாத்தனார் புதுத் தாளை மெஷினில் வெடுக்கென்று செருகினாள்.

"எங்கண்ணன் அரிச்சந்திரன் வீட்டுலல்ல பொண்ணெடுத்திருக்கான்! சொல்லுங்க, எங்கேயிருந்து அடிக்கணும்?"